விலங்குச் சுழியும் என் குடையும்

கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தேன் என்று கொழும்பில் யாரிடம் சொன்னாலும், சுருளி அருவியில் குளித்தீர்களா, மேகமலையில் யானை பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள். நான் பார்த்தது குதிரைகளின் முழங்கால். நெற்றி, பிடரி, விலா, வயிற்றின் அடிப்பக்கம் எல்லாம் பார்த்தேன். அருவியின் இரைச்சல் காதில் விழும் தூரம் வரைக்கும் போய், அதைப் பார்க்காமலே திரும்பிய ஆசாமி நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அருவியில் குளிக்க வேண்டிய நேரத்தில் நான் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தேன்.

கொழும்பில் பந்தயக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் எனக்கு உத்தியோகம். அவர் சொல்வதை எழுதி, எழுதியதை டைப் அடித்து, அடித்ததை அவர் கிழித்துப் போட்டால் மறுபடி அடிப்பது என் வேலை. குதிரைக்கும் எனக்கும் அதற்கு மேல் உறவு கிடையாது. உண்மையைச் சொன்னால் எனக்குக் குதிரை என்றால் பயம். அதன் முன்பக்கம் கடிக்கும், பின்பக்கம் உதைக்கும் என்பதால் எப்போதும் பக்கவாட்டில், அதுவும் வேலிக்கு அப்பால் நின்றுதான் பழக்கம்.

துரைக்கு ஒரு நாள் ஒரு யோசனை பிறந்தது. குதிரையின் மயிர் சுழித்துக் கிடக்கும் இடத்துக்கும் அதன் குணத்துக்கும் சம்பந்தம் உண்டா? நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே ஏறியிருக்கும் குதிரைகள் அதிகம் மிரள்வதாக அவருக்குச் சந்தேகம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், எங்கள் ஆட்கள் மாடு வாங்கினாலும் குதிரை வாங்கினாலும் சுழி பார்த்துத்தான் வாங்குவார்கள், ஒவ்வொரு சுழிக்கும் ஒரு பேரும் ஒரு பலனும் உண்டு என்று சொல்லித் தொலைத்தேன். அப்படியானால் நீயே போய்ப் பார்த்துக்கொண்டு வா என்றுவிட்டார். ஏலக்காய் மலைக்குச் சுமை ஏற்றும் மட்டக்குதிரைகளும் ஜட்காக் குதிரைகளும் மலிந்த இடம் என்று கம்பம் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான்.

குணத்தை அளப்பதற்குத் துரை ஒரு முறை வகுத்திருந்தார். குதிரைக்கு எதிரே சற்றுத் தள்ளி நின்று ஒரு கறுப்புக் குடையைப் படாரென்று விரிக்க வேண்டும். குதிரை எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது, எவ்வளவு நேரம் கழித்து மனம் தேறிக் குடையின் அருகே வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். கொழும்பில் ஒத்திகை பார்த்தோம். ஒரு பந்தயக் குதிரை வேலியைத் தாண்டிப் பக்கத்துப் பங்களாவின் ரோஜாத் தோட்டத்துக்குள் போய் நின்றது. துரைக்கு ஒரே சந்தோஷம். அந்தக் குடையை என் கையில் கொடுத்துக் கப்பல் ஏற்றிவிட்டார்.

தேனியில் ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் என்னை வரவேற்றது காற்று. ஆடி மாதம். எங்கள் கடல் காற்று வரும், தலையைக் கலைக்கும், போய்விடும். இது மேற்கு மலையிலிருந்து இறங்கி வந்து ஆளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, போகிற போக்கில் கண்ணிலும் மண்ணைப் போடுகிறது. என் புதுத் தொப்பி தலையை விட்டு எழும்பி, ஸ்டேஷன் வாசலைக் கடந்து உருண்டு, வரிசையாக நின்ற ஜட்காக்களின் நடுவே போயிற்று. அங்கே ஒரு செவலைப் பெட்டைக்குதிரை நிதானமாக முன்காலைத் தூக்கி அதன்மேல் வைத்தது.

வண்டிக்காரர் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். காதில் சிவப்புக் கடுக்கன், தலையில் பச்சைத் துண்டு. பேர் சுருளியப்பன் என்று பின்னால் தெரிந்தது. "அது மிதிக்கணும்னு மிதிக்கலங்கய்யா. காத்துல பறந்துறாம உங்களுக்காகப் புடிச்சு வச்சிருக்கு" என்றார். ஆராய்ச்சிக்கு வந்த இடத்தில், குதிரையின் நோக்கம் பற்றி நான் கேட்ட முதல் கருத்து இது. தொப்பி அப்பளமாகியிருந்தது. அந்தக் குதிரையின் பேர் பவுனு.

அன்று மத்தியானம் காபி கிளப்பில் சாப்பிட உட்கார்ந்தேன். ரசம் ஊற்றினார்கள். மணமாக இருந்தது. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, என்ன ரசம் என்று விசாரித்தேன். கொள்ளு ரசம் என்றார்கள். எங்கள் வீட்டில் கொள்ளு என்றால் குதிரைக்கு வைப்பது. இங்கே வேகவைத்த தண்ணீரை மனிதன் ரசம் வைத்துக்கொண்டு, வெந்த கொள்ளைக் குதிரைக்குப் போடுகிறான். நானும் பவுனுவும் அன்றைக்கு ஒரே பானைச் சமையல்தான் சாப்பிட்டிருக்கிறோம் என்று சுருளியப்பன் சொன்னார்.

மறுநாள் காலை ஜட்காக்கள் நிற்கும் பேட்டையில் ஆராய்ச்சி தொடங்கியது. தூறிக்கொண்டிருந்தது. முதல் குதிரைக்கு எதிரே போய் நின்று, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, குடையைப் படாரென்று விரித்தேன். குதிரை என்னைப் பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டது. இரண்டாவது குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. மூன்றாவது ஓரடி முன்னால் வந்து, மழைக்கு ஒதுங்குவதுபோல் தலையைக் குடைக்கு அடியில் நீட்டிக்கொண்டது. இப்படியே கடைசிக் குதிரை வரை போனேன். நெற்றிச் சுழி மேலே இருந்த குதிரை, கீழே இருந்த குதிரை, சுழி இரண்டாக இருந்த குதிரை எல்லாம் ஒரே மாதிரி சாது. ஒரு பலமான காற்று வந்து குடையை உட்புறமாகத் திருப்பி, கம்பியெல்லாம் வெளியே தெரிய நிறுத்தியது. அதற்கும் ஒன்றும் மிரளவில்லை.

காரணம் எனக்குச் சாயங்காலம்தான் உறைத்தது. ஆனி ஆடி முழுக்க இங்கே சாரல். மலைக்கு ஏறுபவன், மலையை விட்டு இறங்குபவன், அந்தப் பக்கத்து மலையாளத்தான் எல்லாரும் குடையோடுதான் ஜட்காவில் ஏறுகிறார்கள். குதிரையின் மூக்குக்கு நேரே குடையை மடக்குகிறார்கள், வாலுக்கு நேரே விரிக்கிறார்கள். குடை எத்தனை விதமாக விரியும், எத்தனை விதமாக உடையும் என்று இந்தக் குதிரைகள் குட்டியிலிருந்து பார்த்து வருகின்றன. சாரல் காலத்தில் சாரல் நாட்டுக்குக் குடையை எடுத்துக்கொண்டு குதிரையை மிரட்ட வந்தவன் நான் ஒருவன்தான்.

இதற்குள் எனக்குக் குடைக்கார அய்யா என்று பேர் விழுந்திருந்தது. அது பரவாயில்லை. ஆனால் மூன்றாம் நாள் காலை நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் நாலைந்து பேர் ஒடிந்த குடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கொழும்பிலிருந்து குடை ரிப்பேர்காரர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவர்கள். நான் இல்லை என்று சொன்னதை அவர்கள் கூலியை ஏற்றுவதற்கான தந்திரம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு குடையை உண்மையாகவே சரி செய்து கொடுத்தேன். இந்தப் பயணத்தில் யாருக்காவது பயன்பட்ட என் முதல் காரியம் அது.

சுழிகளின் விஷயத்தில் மட்டும் வேலை நடந்தது. ராஜச் சுழி, கோபுரச் சுழி, கண்ணீர்ச் சுழி, பாடைச் சுழி என்று ஆளாளுக்குக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவற்றை எழுதிக்கொண்டு பவுனுவிடம் வந்தேன். நெற்றி சுத்தம், பிடரி சுத்தம். குனிந்து முன்காலைப் பார்க்கப் போனபோது சுருளியப்பன் குறுக்கே வந்து நின்றார். அங்கன ஒண்ணுமில்லய்யா என்றார். அவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனிதரின் முகம் செத்துப்போயிருந்தது.

இடது முன்காலில், குளம்புக்குச் சற்று மேலே, விலங்கு பூட்டினால் எங்கே வருமோ அந்த இடத்தில், அழகாக ஒரு சுழி இருந்தது. விலங்குச் சுழி. வைத்திருப்பவன் ஜெயிலுக்குப் போவான் என்பது பலன்.

கதையை அவர் மெதுவாகச் சொன்னார். பவுனுவைப் போல ஒரு குதிரை அவருக்கு வாய்த்ததில்லை. சவுக்கு வேண்டாம், நாக்கைத் தட்டினால் போதும். மேட்டில் முக்காது, பள்ளத்தில் ஓடாது. முன்பு வைத்திருந்தவன் ஜெயிலுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை; சுழி தெரிந்துதான் வாங்கினார். சேற்றைப் பூசி மறைத்து வைத்திருந்தார். ஒரு நாள் அவர் மனைவி முத்துப்பேச்சி குதிரையைக் குளிப்பாட்டினாள். சேறு போயிற்று, சுழி தெரிந்தது. அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு சுருளிப்பட்டியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். குதிரை வெளியே போனால்தான் அவள் உள்ளே வருவாள். சித்திரையில் போனவள் இதுவரை வரவில்லை.

குதிரையை விற்றுவிடலாமே என்றேன். ஜட்காக்காரன் எவனும் விலங்குச் சுழியை வாங்க மாட்டான். மலைக்குச் சுமை அடிக்கிறவர்கள் மட்டும் வாங்குவார்கள். அவர்களுக்குச் சுழி கிழி ஒன்றுமில்லை, முதுகு இருந்தால் போதும். அந்தக் குதிரைகளை நான் முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். ஏலக்காய் மூட்டை இறக்கிவிட்டு நின்றன. சேணம் உரசி முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய், ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. குடையை விரிக்காமலே திரும்பி வந்தேன்.

சுருளியப்பன் சொன்னார்: "அவ இல்லாம வீட்டுக்குள்ள போக முடியலங்கய்யா. இத மலைக்கு வித்துட்டு வண்டியில ஏறி உக்காரவும் என்னால முடியாது. நீங்க படிச்சவுக. ஒரு வார்த்த அவகிட்ட வந்து சொல்லுங்க."

படிச்சவுக என்று சொன்னதும் என் நெஞ்சு நிமிர்ந்தது. சுழி வெறும் மயிர் என்று இங்கிலீஷ் விஞ்ஞானத்தை வைத்து ஒரு பெண்பிள்ளைக்குப் புரியவைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மறுநாள் விடியற்காலையில் பவுனுவைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டோம்.

ஜட்காவில் உட்காருவது ஒரு தனி வித்தை. இரண்டே சக்கரம். பின்னால் பாரம் அதிகமானால் ஏர்க்கால் மேலே தூக்கிக் குதிரையின் வயிற்றுப் பட்டை இறுக்கும். முன்னால் அதிகமானால் அதன் முதுகில் அழுத்தும். நாலு பேர் ஏறினால் தானாகச் சரியாகிவிடும். ஒற்றை ஆளாக நான் எங்கே உட்கார்ந்தாலும் தப்பு. "அய்யா, கொஞ்சம் முன்னால வாங்க" என்பார். வருவேன். மேடு வரும். "கொஞ்சம் பின்னால போங்க" என்பார். போவேன். சின்னமனூர் வருவதற்குள் வைக்கோல் மேல் விரித்த ஜமக்காளத்தை நான் என் உடம்பாலேயே தேய்த்துக் கிழித்துவிட்டேன். கொழும்பில் ரிக்‌ஷாவில் ஏறினால் தூங்கலாம்.

சின்னமனூரில் இரவு தங்கி, காலையில் சோளச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டோம். அங்கே ஒரு இளைஞர் வண்டியில் ஏறினார். மொடமொடவென்று கதர்ச் சட்டை. வசதியான வீட்டுப் பிள்ளை. கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்ததில் கூட நின்றவர்களை எல்லாம் பிடித்துக்கொண்டு போனார்களாம். இவரை மட்டும், பெரிய வீட்டுத் தம்பி என்று காபி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அதிலிருந்து ஊரில் தலைகாட்ட முடியவில்லை. பேச்சுவாக்கில் நான் விலங்குச் சுழியைப் பற்றிச் சொன்னேன். அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்ச் சுழியைத் தொட்டுப் பார்த்தார். குதிரையை விற்பீரா என்று கேட்டார். ஜெயிலுக்கு ஆசைப்பட்டு ஒரு மனிதன் குதிரை வாங்க வருவான் என்று சுருளியப்பன் கனவிலும் நினைத்ததில்லை. பயந்துபோய், முடியாது என்றுவிட்டார். அந்தத் தம்பி உத்தமபாளையத்தில் மனமில்லாமல் இறங்கிப் போனார்.

சுருளிப்பட்டிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முத்துப்பேச்சி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். புருஷனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பவுனுவை மட்டும் பார்க்கவில்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். பிறகு என்னிடம், "கழுத்துல போட ஒரு பொட்டுப் பவுனுக்கு வக்கில்ல. குதுரைக்குப் பேரு பவுனு" என்றாள்.

நான் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். கருவிலேயே தோலும் மயிரும் எப்படி உண்டாகின்றன என்பதில் தொடங்கினேன். அவள் மரியாதையாகக் கேட்டாள். நடுவில் அவள் தாயார் எட்டிப் பார்த்து, இவுக பேசுறது ஏடு வாசிக்கிறாப்ல இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். பவுனுவை முன்பு வைத்திருந்தவன் ஜெயிலுக்குப் போனது உண்மைதான், ஆனால் அவன் கள்ளச்சாராயம் காய்ச்சினான், அதுதான் காரணம் என்று விளக்கினேன். முத்துப்பேச்சி ஒரு மொச்சையை உரித்துப் போட்டுவிட்டு, அந்த ஊரில் காய்ச்சாதவன் யார், அவன் ஒருத்தன் மட்டும் ஏன் அகப்பட்டான் என்று கேட்டாள். விஞ்ஞானத்தில் அதற்குப் பதில் இருக்கத்தான் வேண்டும். நான் ஒரு பிடி மொச்சையை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

அப்புறம் அவள் குரல் மாறியது. "வாய்க்கா அடிதடியில எங்கப்பனக் கூட்டிட்டுப் போனாக. அவரு அடிக்கவே இல்ல, வெலக்கி விடப் போனவரு. நாளைக்கு விட்டுருவாகன்னாக. நான் தூக்குவாளியில கஞ்சி கொண்டுட்டுப் போயி ஸ்டேசன் வாசல்லயே நின்னேன். அங்கன இருந்து மதுரைக்குக் கொண்டு போயிட்டாக. காச்சல்ல செத்துட்டாருன்னு தாக்கல்தான் வந்துச்சு. உள்ள போனவுக திரும்பி வர நான் பாத்ததில்லய்யா. இவுக மேல எனக்கென்ன கோவம்? போலீசு வந்து கதவத் தட்டுற சத்தத்துக்கு எத்தன நாளு நான் முழிச்சுக் கெடக்குறது?"

சுருளியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு மோரைக் குடித்திருக்க வேண்டும். நான் எழுந்து நின்று, இந்தச் சுழிக்குச் சக்தி இருந்தால் அது என்மேல் பாயட்டும், இன்று பொழுது சாயும்வரை இந்தக் குதிரைக்கு நான் சொந்தக்காரன், அருவியில் குளித்துவிட்டு முழுசாக வந்து நிற்கிறேன், அப்போது நீங்கள் கிளம்பியாக வேண்டும் என்றேன்.

அவள் யோசித்தாள். "வாயால சொன்னா சுழிக்குக் காதா இருக்கு? கயித்த மாத்துங்க."

கயிறு மாற்றினால் அங்கே வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நல்லதோ கெட்டதோ வாங்கியவன் தலையில். சுருளியப்பன் பவுனுவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, வெற்றிலை பாக்கோடு என் கையில் வைத்தார். நான் சிரித்துக்கொண்டே அதைச் சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். என் ஆயுளில் முதல் முறையாக ஒரு குதிரைக்கு எஜமானன் ஆனேன்.

அருவிக்குப் போகிற வழியில் ஒரு பங்களா. வாசலில் புளியமரம், அதற்குக் கீழே ஒரு குதிரை. வண்டிக் குதிரை அல்ல, சவாரிக் குதிரை. உயரமான, பளபளப்பான, கறுப்புக் குதிரை. சுழி கண்ணுக்கு வெகு மேலே. துரை சொன்ன இலட்சணம் அத்தனையும் இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் குடையோடு இறங்கினேன். சுருளியப்பன் ஏதோ சொன்னார். ஆராய்ச்சி வேகத்தில் எனக்குக் காதில் விழவில்லை. குதிரைக்கு நேர் எதிரே நின்று குடையைப் படாரென்று விரித்தேன்.

ஐந்து நாளாக நான் ஏங்கிய காட்சி கடைசியில் கிடைத்தது. குதிரை நாலு காலையும் தூக்கி ஒரே தாவலில் பின்னால் போயிற்று. கொழும்புப் பந்தயக் குதிரை தோற்றது. நான் எத்தனை அடி என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறபோதே, குதிரையின் அந்தப் பக்கத்தில் அங்கவடியில் ஒரு காலை வைத்து ஏறிக்கொண்டிருந்த ஒருவர் வாய்க்காலுக்குள் போய் விழுந்தார். அவர் மழையே பார்க்காத ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அந்த வாரம்தான் குதிரையோடு மாற்றலாகி வந்த ஒரு பெரிய அதிகாரி. குதிரையும் புதுசு, அவரும் புதுசு. வாய்க்காலிலிருந்து எழுந்தபோது அவர் மீசை எது, சேறு எது என்று தெரியவில்லை. பவுனு இவ்வளவையும் பார்த்துக்கொண்டு அமைதியாக நின்றாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். கொஞ்ச நேரத்தில் நான் பக்கத்து ஸ்டேஷனில் இருந்தேன். ஊர்ப் பேர் வேண்டாம். அய்யா துணி மாற்றிக்கொண்டு வரும்வரை உள்ளே இருக்கச் சொன்னாக என்று ஏட்டு லாக்கப் அறையைக் காட்டினார். தங்கமான மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். கதவைச் சும்மா சாத்தி வைத்தாரே தவிரப் பூட்டவில்லை. அந்தப் பூட்டு ஒருமுறை பூட்டினால் லேசில் திறக்காதாம். என் கோட்டுப் பையிலிருந்து கயிறு தொங்குவதைப் பார்த்து, அது எதற்கு என்று கேட்டார். வெளியே நிற்கும் குதிரையின் கயிறு என்றேன். அப்ப குதிரைக்குச் சொந்தக்காரர் நீங்கதானா என்றார். ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அந்தக் கதர்ச் சட்டைத் தம்பி என்னைப் பார்த்திருந்தால் வயிறெரிந்திருப்பார்.

சுருளியப்பனுக்கு வேறு யாரைத் தெரியும்? பவுனுவை விரட்டிக்கொண்டு சுருளிப்பட்டிக்கே போயிருக்கிறார். வெயில் தாழ்வதற்குள் ஜட்காச் சத்தம் கேட்டது. வாசலில் முத்துப்பேச்சி. கையில் தூக்குவாளி. படியைத் தாண்டி உள்ளே வர அவளுக்குக் கால் வரவில்லை. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏட்டைப் பார்க்காமல் நேரே என் அறைக்கு முன்னால் வந்து தூக்குவாளியை வைத்தாள்.

"உள்ள வச்சுப் பூட்டுனாகளா?" என்று கேட்டாள்.

பூட்டவில்லை, சும்மா சாத்தித்தான் இருக்கிறது என்று கதவை ஆட்டிக் காட்டினேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிப்போயிற்று. அப்படியென்றால் இது கணக்கில் சேராது, சுழி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு இவுகளைத்தான் பிடிக்கும் என்றாள். சுருளியப்பன் என்னைப் பார்த்தார். வேறு வழி இல்லாதவன் பார்க்கிற பார்வை அது.

நான் ஏட்டைக் கூப்பிட்டு, ஐயா, தயவுசெய்து என்னை வைத்துப் பூட்டுங்கள் என்றேன். சர்வீசில் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். உத்தரவு இல்லாமல் முடியாது என்றார். பூட்டைப் பற்றி மறுபடி எச்சரித்தார். நான் கெஞ்சினேன். இது ஒரு குடும்பத்தின் விஷயம் என்றேன். விஞ்ஞானத்துக்காக என்றும் சொன்னேன். அது அவருக்குப் புரியவில்லை. கடைசியில் முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு சாவியை எடுத்து வந்தார். பூட்டு கிரீச்சென்று விழுந்தது. அவள் அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் டவாலிச் சேவகன் வந்து சேர்ந்தான். அய்யாவுக்குக் கோபம் ஆறிவிட்டதாம், பைத்தியக்காரனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, விட்டுவிடச் சொன்னாராம். ஏட்டு சாவியைப் போட்டுத் திருப்பினார். திரும்பவில்லை. எண்ணெய் விட்டார். திரும்பவில்லை. சுருளியப்பனும் டவாலியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். நான் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், முத்துப்பேச்சியைப் பார்க்கும் வரையில்.

அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. "வந்துருவீகய்யா. நீங்க வந்துருவீக" என்றாள். எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. இந்தக் கதவு திறந்தாக வேண்டும் என்று சாமியெல்லாம் கும்பிட்டேன். என்னைப் பற்றிய கவலை ஒன்றும் இல்லை. வேளாவேளைக்கு டீ வரும். அவள் கண் எதிரே இன்னொருவன் உள்ளேயே நின்றுவிடக்கூடாது. தூக்குவாளியைத் திறந்து, அவளைப் பேச்சில் இழுக்கலாம் என்று, இது என்ன என்று கேட்டேன். கொள்ளுத் துவையலும் கம்மஞ்சோறும் என்றாள். கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அத்தனையும் சாப்பிட்டேன். அவள் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொல்லர் வந்து சம்மட்டியால் பூட்டை உடைத்தார். கதவு திறந்தது. நான் வெளியே வந்தேன்.

முத்துப்பேச்சி என்னை மேலிருந்து கீழ்வரை, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். என் கையைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். சுருளியப்பன் என்ன செய்வதென்று தெரியாமல் என் காலில் விழப் போனார்; நல்லவேளை, நான் தூண் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

"கயித்தக் குடுங்க" என்றாள்.

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்குவதற்குச் சுருளியப்பன்தான் கையை நீட்டினார். அவள் அவரைத் தள்ளிவிட்டுத் தானே வாங்கிக்கொண்டாள். வெளியே போனாள். பவுனுவின் முன்னால் உட்கார்ந்து, இடது முன்காலைத் தூக்கி மடியில் வைத்து, அந்தச் சுழியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். பவுனு காலைக் கொடுத்துவிட்டு நின்றாள். உள்ளே போனவர் முழுசாகத் திரும்பி வந்தாயிற்று, பலித்துத் தீர்ந்த சுழி இனி வெறும் மயிர்தான் என்று முத்துப்பேச்சி சொன்னாள். நான் அவள் வீட்டு வாசலில் அரைமணி நேரம் சொன்னதும் அதையேதான்.

துரைக்கு என்ன எழுதுவது என்று அன்றைக்கு யோசித்ததில் பாதிகூட இன்றுவரை எழுதி முடிக்கவில்லை. விலங்குச் சுழி உள்ள குதிரை ஒன்று, எஜமானன் ஒருவன், பலன் அன்றைக்கே. நானே வாயால் கேட்டுப் பூட்டிக்கொண்டதை எந்தப் பத்தியில் போடுவது?

தூறல் தொடங்கியிருந்தது. முத்துப்பேச்சி என் குடையை எடுத்து, பவுனுவின் காதோரத்தில் படாரென்று விரித்துக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். பவுனு அசையவில்லை. நான் பின்னால் ஏறினேன். தேனி போய்ச் சேருகிற வரைக்கும், மேட்டிலும் சரி, பள்ளத்திலும் சரி, சுருளியப்பன் என்னை முன்னால் வரச் சொல்லவும் இல்லை, பின்னால் போகச் சொல்லவும் இல்லை.